கடைசியாக வருபவருக்கும் கைதட்டு உண்டு: பூங்காவில் வாரம் ஒரு 5 கிலோமீட்டர்

"ஓட்டம்னா சின்னப் பசங்க சமாச்சாரம், நமக்கு எதுக்கு?" என்று கேட்பவர்கள் எல்லார் வீட்டிலும் இருக்கிறார்கள். ஓட்டப் போட்டி என்றதும் நம்பர் குத்திய பனியன், பதக்கம், நுழைவுக் கட்டணம், 21 கிலோமீட்டர், 42 கிலோமீட்டர் என்றுதான் நினைவுக்கு வரும். சர்க்கரை, ரத்த அழுத்தம், முட்டி வலி என்று ஏதாவது ஒன்று இருந்துவிட்டால், தொடங்கும் முன்பே ஒதுங்கிவிடுகிறோம்.

அப்படி ஒதுங்குகிறவர்களையும் உள்ளே அழைத்துக்கொள்ளும் ஓட்டம் ஒன்று இருக்கிறது. அதன் பெயர் பார்க்ரன். ஒவ்வொரு சனிக்கிழமை காலையும் உள்ளூர்ப் பூங்காவில் 5 கிலோமீட்டர். ஓடலாம், மெதுவாக ஓடலாம், முழுக்க நடக்கவும் செய்யலாம். கட்டணம் கிடையாது, நேர வரம்பு கிடையாது. 20-க்கும் மேற்பட்ட நாடுகளில், 2,000-க்கும் மேற்பட்ட இடங்களில் இது வாரா வாரம் நடக்கிறது.

இதை நாம் தெரிந்துகொள்ள இரண்டு காரணங்கள் உண்டு. லண்டன், மெல்பர்ன், சிங்கப்பூர், டொரன்டோ என்று பிள்ளைகள் இருக்கும் ஊருக்குப் போய் இரண்டு மூன்று மாதம் தங்கும் அப்பா அம்மாக்கள் இப்போது அதிகம். புது ஊரில் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்காமல் நாலு பேரைப் பார்க்க இது நல்ல வழி. அடுத்து, இந்த ஏற்பாட்டில் நம் தெருப் பூங்காவுக்கும் எடுத்துக்கொள்ளக்கூடிய விஷயங்கள் நிறைய இருக்கின்றன.

எங்கே, எப்படித் தொடங்கியது?

2004 அக்டோபர் 2. லண்டனின் தென்மேற்கில், டெடிங்டன் பகுதியில் உள்ள புஷி பூங்கா. அன்று ஓடியவர்கள் 13 பேர். ஏற்பாடு செய்தவர் பால் சின்டன்-ஹெவிட். காலில் அடிபட்டு அவரால் ஓட முடியாமல் இருந்த நேரம் அது. ஓட்ட நண்பர்களை வாரா வாரம் பார்க்கும் பழக்கம் விட்டுப்போகக் கூடாது என்பதற்காகவே, தான் நேரம் குறிக்க, அவர்கள் ஓட என்று ஆரம்பித்தார். முடித்தவர்களின் வரிசையைக் குறிக்க அச்சடித்த வில்லை எதுவும் இல்லை. ஹார்டுவேர் கடையில் வாங்கிய இரும்பு வாஷர்களில் எண் பொறித்துக் கொடுத்தார்கள்.

தொடங்கியவரே அன்று ஓடவில்லை என்பதைக் கவனியுங்கள். ஓடாமல் உதவி செய்ய வருபவரும் இதில் முழுப் பங்கேற்பாளர்தான் என்ற வழக்கம் முதல் நாளிலிருந்தே இருக்கிறது.

பதிவு: ஒரு தடவை செய்தால் போதும்

ஒவ்வொரு வாரமும் முன்பதிவு செய்யத் தேவையில்லை. வாழ்நாளில் ஒரே ஒரு பதிவு. அதை வைத்துக்கொண்டு எந்த நாட்டில், எந்தப் பூங்காவிலும் கலந்துகொள்ளலாம்.

1. கைபேசியில் பார்க்ரன் அமைப்பின் அதிகாரப்பூர்வ இணையதளத்தைத் திறந்து, நீங்கள் ஓடப்போகும் நாட்டைத் தேர்வு செய்யுங்கள்.

2. பெயர், பிறந்த தேதி, மின்னஞ்சல் முகவரி, அவசரத்துக்குத் தொடர்புகொள்ள வேண்டியவரின் எண் ஆகியவற்றைக் கொடுங்கள். அவசர எண்ணாக, அந்த ஊரில் உங்களோடு இருக்கும் மகன் அல்லது மகளின் எண்ணையே கொடுப்பது நல்லது. ஊரில் இருக்கும் தம்பி எண்ணைக் கொடுத்தால், அவசர நேரத்தில் அவரால் ஓடி வர முடியாது.

3. உங்களுக்கென ஒரு எண்ணும் அதற்கான பார்கோடும் கிடைக்கும். ஆங்கில எழுத்து 'ஏ'-யில் தொடங்கும் அந்த எண்தான் உங்கள் அடையாளம்.

4. பார்கோடைக் கைபேசியில் படமாகச் சேமித்து வைக்கலாம். ஒரு தாளில் அச்செடுத்துப் பையில் வைத்துக்கொள்வது இன்னும் பாதுகாப்பு. மழையில் போன் நனைந்தாலோ, சார்ஜ் தீர்ந்தாலோ கவலை இல்லை.

இந்த பார்கோடு விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கறார். பார்கோடு கொண்டுவராவிட்டால் ஓடலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். ஆனால் முடிவுப் பட்டியலில் உங்கள் பெயர் வராது. "அடுத்த வாரம் காட்டுறேன்" என்பதெல்லாம் செல்லாது.

கவனிக்க வேண்டியவை இரண்டு. பதிவுக்குப் பணம் கிடையாது. யாராவது கட்டணம் கேட்டு லிங்க் அனுப்பினால் அது அதிகாரப்பூர்வமானது இல்லை. அடுத்து, முடிவுகள் பெயரோடு இணையத்தில் எல்லாரும் பார்க்கும்படி வெளியாகும். அதில் தயக்கம் உள்ளவர்கள் பதிவு செய்யும் முன்பே யோசித்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை காலை என்ன நடக்கும்?

இங்கிலாந்தில் காலை 9 மணிக்குத் தொடக்கம். சிங்கப்பூர் போன்ற வெயில் ஊர்களில் அதைவிடச் சீக்கிரமே தொடங்கிவிடுவார்கள். எந்த ஊராக இருந்தாலும், அந்தப் பூங்காவுக்கான பக்கத்தை முந்தின நாள் இரவே ஒருமுறை பாருங்கள். புயல், பனி, பூங்காவில் வேறு நிகழ்ச்சி என்று சில வாரம் ரத்தாவதும் உண்டு. பாதை மண்ணா, தாரா, மேடு பள்ளம் உண்டா, கழிப்பறை எங்கே, பேருந்து உண்டா என்ற விவரமும் அங்கேயே இருக்கும்.

பதினைந்து நிமிடம் முன்னதாகப் போய்விடுங்கள். முதல்முறை வருபவர்களுக்கென்று தனியாக ஒரு சின்ன விளக்கம் உண்டு. பாதை எப்படிப் போகும், எத்தனை சுற்று, எந்தப் பக்கம் ஒதுங்க வேண்டும் என்று சொல்வார்கள். பாஷை முழுசாகப் புரியாவிட்டாலும் பரவாயில்லை. முன்னால் போகிறவர்களைப் பார்த்துக்கொண்டே போனால் வழி தவறாது. திருப்பங்களில் வழிகாட்ட ஆட்கள் நிற்பார்கள்.

முடிக்கும் இடத்தைத் தாண்டியதும் கையில் ஒரு சின்ன வில்லை கொடுப்பார்கள். நீங்கள் எத்தனையாவதாக வந்தீர்கள் என்பது அதில் இருக்கும். அதோடு பார்கோடு ஸ்கேன் செய்பவரிடம் போங்கள். உங்கள் பார்கோடையும் வில்லையில் உள்ள பார்கோடையும் தன் கைபேசியில் ஸ்கேன் செய்துகொள்வார். அதே நேரம் இன்னொருவர் ஒவ்வொருவரும் கோட்டைத் தாண்டிய நேரத்தைக் குறித்திருப்பார். இரண்டையும் பொருத்தினால் உங்கள் நேரம் கிடைத்துவிடும். முடிவுகள் தயாரானதும் மின்னஞ்சலில் வரும். வில்லையை மட்டும் மறக்காமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஞாபகமாக வீட்டுக்கு எடுத்துப் போனால் அடுத்த வாரம் அந்த எண் இல்லாமல் அவர்கள் தவிப்பார்கள்.

குழந்தைகளோடு போகிறீர்களா? 11 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள், கூட வரும் பெரியவரின் கைக்கெட்டும் தூரத்திலேயே ஓட வேண்டும். பேரனை முன்னால் ஓடவிட்டுப் பின்னால் நடப்பது அனுமதி இல்லை. பிரிட்டன் உள்ளிட்ட சில நாடுகளில் 4 முதல் 14 வயது வரை உள்ளவர்களுக்கென்றே ஞாயிற்றுக்கிழமைகளில் 2 கிலோமீட்டர் ஓட்டம் தனியாக நடக்கிறது.

"நான் கடைசியா வந்துட்டா?"

கேட்கத் தயங்கினாலும் எல்லார் மனசிலும் இருக்கும் கேள்வி இதுதான். எல்லாரும் முடித்துவிட்டுப் போன பிறகு நாம் மட்டும் தனியாக மூச்சு வாங்கிக்கொண்டு வந்தால் எப்படி இருக்கும்?

பார்க்ரனில் அந்த நிலை வராது. ஒவ்வொரு வாரமும் டெயில் வாக்கர் என்று ஒரு தன்னார்வலர் இருப்பார். எல்லாருக்கும் பின்னால் நடந்து வருவதுதான் அவர் வேலை. பங்கேற்பாளர் எவ்வளவு மெதுவாக வந்தாலும், அவருக்குப் பின்னால்தான் இவர் வருவார். ஆக, கடைசி ஆள் எப்போதும் அவர்தான். அவர் வந்து சேரும் வரை நேரம் குறிப்பவரும் வில்லை கொடுப்பவரும் கிளம்ப மாட்டார்கள். 2022 முதல், நடப்பவர்களோடு சேர்ந்து நடப்பதற்கென்றே தனித் தன்னார்வலர்களையும் நியமிக்கத் தொடங்கினார்கள்.

5 கிலோமீட்டரைச் சாதாரண வேகத்தில் நடக்க ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். அதுவும் இங்கே முழுமையாகக் கணக்கில் வரும்.

தொடக்க ஆண்டுகளில் வேகமாக ஓடக்கூடியவர்கள்தான் அதிகம் வந்தார்கள். அப்போது ஒருவர் முடிக்க எடுத்த சராசரி நேரம் சுமார் 22 நிமிடம். இப்போது அது 30 நிமிடத்தைத் தாண்டிவிட்டது. விளையாட்டு அமைப்பு ஒன்றின் சராசரி வேகம் இப்படிக் குறைந்தால் வருத்தப்படுவார்கள் என்று நினைப்போம். இவர்கள் சந்தோஷப்படுகிறார்கள். மெதுவாக ஓடுபவர்களும் நடப்பவர்களும் வயதானவர்களும் வரத் தொடங்கியதால்தான் சராசரி ஏறியது. 2024 பிப்ரவரியில் வேகச் சாதனைப் பட்டியல்கள் பலவற்றை இணையதளத்திலிருந்தே எடுத்துவிட்டார்கள். புதிதாக வர நினைப்பவர்களை அந்தப் பட்டியல்கள் மிரட்டுகின்றன என்பது அவர்கள் கருத்து. "சாதனையைக் காட்டினால்தானே ஊக்கம் வரும்" என்று அதை எதிர்த்தவர்களும் உண்டு. ஆனால் அமைப்பு யாரை மனதில் வைத்து முடிவெடுக்கிறது என்பது இதில் தெரிகிறது.

மருத்துவர்களும் இதைக் கவனித்தார்கள். 2018-இல் பிரிட்டனின் குடும்ப மருத்துவர்களுக்கான ராயல் கல்லூரியும் பார்க்ரனும் சேர்ந்து ஒரு திட்டம் தொடங்கின. மருத்துவமனைகள் தங்கள் பக்கத்துப் பூங்கா ஓட்டத்தோடு இணைந்துகொண்டு, நோயாளிகளையும் ஊழியர்களையும் அங்கே அனுப்பலாம். நூற்றுக்கணக்கான மருத்துவமனைகள் சேர்ந்தன. அவர்கள் அனுப்பும் ஆட்கள் ஓடித்தான் ஆக வேண்டும் என்றில்லை. நின்று வழிகாட்டினாலும் போதும். வீட்டை விட்டு வெளியே வந்து நாலு பேரோடு பேசுவதும் மருந்துதான்.

நடத்துவது யார்?

சம்பளம் வாங்கும் ஆள் யாரும் பூங்காவில் இருக்க மாட்டார். அந்த வார ஓட்டத்தின் பொறுப்பாளர், நேரம் குறிப்பவர், வில்லை கொடுப்பவர், பார்கோடு ஸ்கேன் செய்பவர், திருப்பங்களில் நிற்பவர், டெயில் வாக்கர் எல்லாரும் உள்ளூர்த் தன்னார்வலர்கள்தான். போன வாரம் ஓடியவர் இந்த வாரம் வில்லை கொடுப்பார். தன்னார்வலராக வந்த தடவைகளும் ஓடிய தடவைகளைப் போலவே உங்கள் கணக்கில் ஏறும். 25, 50, 100 என்று எண்ணிக்கை தொட்டதும் இரண்டுக்குமே அங்கீகாரம் உண்டு.

முட்டி வலியால் நடக்க முடியாதவர்கள், பிள்ளைகள் வீட்டில் இருக்கும்போது ஒரு வாரம் பார்கோடு ஸ்கேன் செய்து பாருங்கள். நூறு பேர் உங்கள் முன்னால் வரிசையில் வந்து நன்றி சொல்லிவிட்டுப் போவார்கள். பார்கோடு ஸ்கேன் செய்ய, நீங்கள் பணம் அனுப்ப க்யூஆர் ஸ்கேன் செய்யும் பழக்கமே போதும்.

பூங்காவுக்கு யார் செலவு செய்வது?

ஒரு கேள்வி நியாயமானது. வாரா வாரம் நூற்றுக்கணக்கான பேர் ஓடினால் பாதை தேயாதா? அதைச் சரிசெய்யும் செலவு யாருடையது?

இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரை ஒட்டிய லிட்டில் ஸ்டோக் பூங்காவில் இது பெரிய விவாதமானது. அந்தப் பூங்காவை நிர்வகித்த ஸ்டோக் கிஃபர்ட் ஊராட்சி மன்றம், பராமரிப்புக்காக ஓட்டக் குழுவிடம் பணம் கேட்பது என்று 2016 ஏப்ரலில் முடிவெடுத்தது. பூங்காவைப் பயன்படுத்தும் மற்ற குழுக்கள் பணம் கட்டும்போது இவர்கள் மட்டும் ஏன் கட்டக் கூடாது என்பது மன்றத்தின் வாதம். இலவசம் என்பதுதான் எங்கள் அடிப்படை, ஒரு இடத்தில் கட்டணம் என்று வந்தால் எல்லா இடத்திலும் வரும் என்பது அமைப்பின் வாதம். உடன்பாடு ஏற்படவில்லை; அங்கே ஓட்டம் நின்றது. தன்னார்வலர்கள் நடத்தும் இலவச ஓட்டங்களுக்கு உள்ளாட்சிகள் கட்டணம் வசூலிப்பதைத் தடுக்கலாமா என்று 2017-இல் பிரிட்டன் அரசே பொதுமக்களிடம் கருத்துக் கேட்டது.

அந்த மன்றத்தை வில்லனாகப் பார்க்க வேண்டியதில்லை. பூங்காவின் நடைபாதைக்கும் விளக்குக்கும் கழிப்பறைக்கும் யாரோ செலவு செய்கிறார்கள். பூங்காவைப் பயன்படுத்தும் குழு, நிர்வாகத்தோடு முதல் நாளிலிருந்தே பேசிக்கொண்டு போனால் பல சிக்கல்களைத் தவிர்க்கலாம். இந்தப் பாடம் நமக்கும் பொருந்தும்.

நம் பூங்காவில் செய்யலாமா?

நம் மாநிலத்தில் இதற்கு நெருக்கமான ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது. 2023 நவம்பர் 4 அன்று தொடங்கப்பட்ட 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தில், மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை அமைக்கப்பட்டது. உங்கள் மாவட்டத்தில் அந்தப் பாதை எது என்று தெரிந்துகொண்டு, குடும்பத்தோடு போய்ப் பாருங்கள்.

அதற்கு மேல், தெருவில் பத்துப் பேர் சேர்ந்து பக்கத்துப் பூங்காவில் வாரம் ஒரு நாள் நடக்கவும் ஓடவும் தொடங்கலாம். பார்க்ரன் என்ற பெயரும் முத்திரையும் அந்த அமைப்புக்குச் சொந்தம். அதனால் உங்கள் குழுவுக்கு உங்கள் தெருப் பெயரையே வையுங்கள். முறையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்:

• பூங்காவைப் பராமரிப்பது மாநகராட்சியா, நகராட்சியா, பேரூராட்சியா என்று பார்த்து, நாள், நேரம், எத்தனை பேர் என்ற விவரத்தோடு எழுத்துமூலம் தெரிவித்து அனுமதி பெறுங்கள். சென்னையில் உங்கள் பகுதியின் மண்டல அலுவலகத்தை அணுகலாம்.

• பூங்கா எல்லாருக்கும் பொது. நடைப்பயிற்சிக்கு வரும் பெரியவர்களுக்கும் விளையாடும் குழந்தைகளுக்கும் முதலில் வழி. மைக், ஸ்பீக்கர் வேண்டாம்.

• பாதையை ஒரு முறை அளந்து வைத்துக்கொள்ளுங்கள். 500 மீட்டர் சுற்று என்றால் பத்துச் சுற்று 5 கிலோமீட்டர். அவ்வளவு முடியாதவர்களுக்கு இரண்டு சுற்றும் போதும்.

• வாரம் ஒருவர் கடைசியில் நடக்கும் பொறுப்பை எடுத்துக்கொள்ள வேண்டும். இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். மெதுவாக வருபவர் அடுத்த வாரமும் வருவாரா என்பது இந்த ஒரு ஆளைப் பொறுத்தது.

• உடைந்த நடைபாதைக் கல், எரியாத விளக்கு, பூட்டிய கழிப்பறை இருந்தால் படம் எடுத்துப் புகார் கொடுங்கள். சென்னையில் மாநகராட்சி எண் 1913. வாரா வாரம் அதே பாதையில் போகிறவர்களுக்குத்தான் இதெல்லாம் முதலில் கண்ணில் படும்.

உடம்பையும் கேளுங்கள்

பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடல் உழைப்பு செய்ய வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2020-ஆம் ஆண்டுப் பரிந்துரை. வாரம் ஒரு மணி நேர நடை அதில் ஒரு பகுதிதான். ஆனால் அந்த ஒரு நாளுக்காகத் தயாராகும் எண்ணமே மற்ற நாட்களிலும் நம்மை நடக்க வைக்கும்.

இதய நோய், சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். 'மக்களைத் தேடி மருத்துவம்' பணியாளர் வீட்டுக்கு வரும்போது ரத்த அழுத்தத்தையும் சர்க்கரை அளவையும் பார்த்துக்கொள்ளலாம். சந்தேகம் இருந்தால் 104 மருத்துவ ஆலோசனை எண்ணில் பேசலாம். இன்சுலின் அல்லது சர்க்கரை மாத்திரை எடுப்பவர்கள், பையில் இனிப்பு மிட்டாய் ஒன்றிரண்டு வைத்திருங்கள். சர்க்கரை திடீரென்று இறங்கினால் அது உதவும்.

முதல் மாதம் ஓட வேண்டாம், நடங்கள். பிறகு ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று மாற்றி மாற்றிப் பழகுங்கள். பேசிக்கொண்டே போக முடிகிற வேகம்தான் சரியான வேகம். நெஞ்சில் அழுத்தம், இடது தோளுக்குப் பரவும் வலி, தலைசுற்றல், வழக்கத்தை மீறிய மூச்சுத்திணறல் வந்தால் உடனே நில்லுங்கள், பக்கத்தில் உள்ளவரிடம் சொல்லுங்கள், 108-ஐ அழையுங்கள். "ரெண்டு சுற்றுதானே பாக்கி" என்று முடித்துவிட்டு உட்காரக் கூடாது. வெளிநாட்டில் இருந்தால், அந்த நாட்டின் அவசர எண்ணை முன்கூட்டியே போனில் சேமித்து வையுங்கள்.

வெளிநாடு கிளம்புகிறவர்கள் இங்கிருந்தே பதிவு செய்து, பார்கோடை அச்செடுத்துப் பாஸ்போர்ட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். ஊரிலேயே இருப்பவர்கள் இந்த வாரம் பக்கத்து வீட்டாரிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். வருகிறேன் என்று இரண்டு பேர் சொன்னாலும் தொடங்கிவிடலாம்.